மூன்று மஞ்சள் முடிச்சுகள்

ராகுகாலம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஆராவமுதன் மேசை மேல் இருந்த காசைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி காசைப் பார்த்தார்.

அது 1949ஆம் வருஷத்து அமெரிக்கப் பத்து சென்ட். அந்த ஊரில் டைம் என்பார்கள். நம் நாலணாவைவிட ஒரு நூல் சின்னது, ஆனால் வெள்ளி. 1964க்குப் பிறகு அவர்கள் அதில் வெள்ளி போடுவதை நிறுத்திவிட்டார்கள். 1946 முதல் 1964 வரை வருஷத்துக்கு ஒன்றாகப் பத்தொன்பது சேர்த்தால் முழு வரிசை. பெங்களூர் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிடையரான ஆராவமுதனிடம் பதினெட்டு இருந்தது. பதினெட்டைச் சேர்க்க இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. அல்சூரில் யார் வீட்டுப் பிள்ளை அமெரிக்கா கிளம்பினாலும் வழியனுப்ப முதல் ஆளாகப் போய் நிற்பார். பிள்ளையைப் பெற்றவர்கள் அதைப் பாசம் என்று நினைத்தார்கள்.

1949 மட்டும் இத்தனை நாள் அகப்படாமல் இருந்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் பெண் ஸ்ரீவித்யா எங்கோ தேடிப் பிடித்து, கூட வேலை பார்க்கும் நரேஷ் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்பினாள். நரேஷ் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தபோது கரண்ட் இல்லை. இருபத்திரண்டு வருஷத் தவத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முடிக்க அவருக்கு மனமில்லை. சனிக்கிழமை காலை எட்டரை வரை குழாயில் தண்ணீர் பிடிக்கும் வேலை. அது முடிந்து ஆல்பத்தை எடுத்து உட்கார்ந்தால் ராகுகாலம்.

ஆல்பத்தை விரித்து, காலியாக இருந்த பிளாஸ்டிக் பைக்குப் பக்கத்தில் காசை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, பத்து முப்பத்தொன்றுக்குக் காசைப் பைக்குள் செருகுவதாக ஏற்பாடு.

பத்து முப்பத்தொன்றுக்கு அவர் வந்து நின்றபோது காசு இல்லை. மேசை சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. ஆல்பம் மூடி, ரப்பர் பேண்டு போட்டு ஓரமாக இருந்தது.

"சுப்பு, என் மேசையத் தொட்டது யாரு?"

"பாஞ்சாலி துடைச்சுட்டுப் போனா. ஏன், துடைக்கப்படாதா?" என்று சமையலறையிலிருந்து சுப்புலக்ஷ்மி கேட்டாள்.

பாஞ்சாலி மர்பி டவுனிலிருந்து வீட்டு வேலைக்கு வருகிறவள். ஏழு வருஷமாக வருகிறாள். பத்தே காலுக்கெல்லாம் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஆராவமுதன் மேசையை நகர்த்தினார். நாற்காலியைக் கவிழ்த்தார். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார். ஆல்பத்தைத் தலைகீழாகப் பிடித்து மெத்தை மேல் உதறினார். எதுவும் விழவில்லை. காலிப் பையைக் கண்ணால் பார்க்கும் தைரியம் மட்டும் அவருக்கு வரவில்லை. கண்ணை மூடியபடியே ஆல்பத்தை மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். காசு கிடைக்கிறவரை திறப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார்.

அக்டோபர் கடைசி ஞாயிறு நாணயச் சங்கத்தின் கண்காட்சி. பெங்களூரில் ஒருத்தரிடமும் முழு வரிசை கிடையாது. ஆராவமுதன் காட்டப்போகிறார் என்று கார்டில் அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியாகிவிட்டது.

"அவதான் எடுத்திருப்பா," என்றார். "வெள்ளின்னு தெரிஞ்சுண்டிருப்பா."

சுப்புலக்ஷ்மி கையில் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கோ."

அவர் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷ அனுபவம். அவள் குளித்துவிட்டுப் பெருமாள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று புரட்டாசி முதல் சனிக்கிழமை.

மறுநாள் பாஞ்சாலி வருவதற்கு முன்பே சுப்புலக்ஷ்மி அவரைத் தயார் செய்தாள்.

"நேரா கேக்கப்படாது. மேசை மேல காசு வச்சேன், காணும்னு சொன்னா, நீ எடுத்தியான்னு கேட்ட மாதிரிதான். மேசைங்கற பேச்சே வரப்படாது."

"பின்ன எப்படிக் கேக்கறது?"

"தரையில காசு ஏதாவது கெடந்துதாம்மான்னு சாதாரணமா கேளுங்கோ. மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்சாப்ல வச்சுக்கோங்கோ."

ஆராவமுதன் மூஞ்சியைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டு கேட்டார். பாஞ்சாலி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். இந்த மாதிரிச் சிரித்த முகத்தை அவள் இந்த வீட்டில் பார்த்ததில்லை.

"ஆமா சார், நேத்து கெடந்துச்சி. எடுத்து சாமி கிண்ணத்துல போட்டேன். ஏன் சார்?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கேட்டேன்."

அவர் பூஜை அலமாரிக்கு ஓடினார். பித்தளைக் கிண்ணத்தில் இரண்டு எட்டணாவும் ஒரு ரூபாயும் இருந்தன. டைம் இல்லை.

"சுப்பு, இந்தக் கிண்ணத்துலேர்ந்து காசு எடுத்தியா?"

"மூணு எடுத்தேன். நேத்து முடிஞ்சு வச்சேன்."

பெருமாள் படத்துக்குக் கீழே ஆணியில் மூன்று மஞ்சள் முடிச்சுகள் தொங்கின. வருஷா வருஷம் புரட்டாசி முதல் சனிக்கிழமை சுப்புலக்ஷ்மி வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பாள். வேண்டியது நடந்ததும் முடிச்சை அவிழ்த்து, காசைத் திருப்பதி உண்டியலில் சேர்ப்பாள். வேண்டுதல்தான் வருஷத்துக்கு வருஷம் மாறும்.

"என்ன காசுன்னு பாத்துதானே முடிஞ்சே?"

"கண்ணாடி போட்டுண்டா பூஜை பண்ணுவேன்? கைக்கு நாலணா மாதிரி இருந்தது. மூணையும் மஞ்சள்ல தோச்சு முடிஞ்சேன்."

ஆராவமுதன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவுரு."

"அவுக்கப்படாது. நேந்துண்டது நடக்கறதுக்கு முந்தி அவுத்தா, நடக்கவே நடக்காது."

"நடந்தப்புறம்?"

"நடந்தப்புறம் அவுத்து, அதுக்குப் பதிலா வெள்ளியிலேயே ஒரு காசு பெருமாளுக்கு வாங்கிச் சேத்துட்டு, உங்க காச எடுத்துண்டு போங்கோ. நானா வேண்டாங்கறேன்?"

சுப்புலக்ஷ்மி மாடிக்குத் துணி உலர்த்தப் போன சமயத்தில் ஆராவமுதன் முடிச்சுகளை விரலால் அமுக்கிப் பார்த்தார். துணியை நாலைந்து மடிப்பு மடித்திருந்தாள். பெரிசா, சின்னதா என்று தெரியவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பூச்சியைப் பிடுங்கிவந்து காட்டினார். மூன்றும் அசையவில்லை. புது நாலணாவைக் காந்தம் இழுக்கும், பழைய நாலணாவை இழுக்காது, வெள்ளியையும் இழுக்காது. சேகரித்து வைத்திருந்த அறிவெல்லாம் சேர்ந்து அவரை ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டது. கள்ளத்தனமாக அவிழ்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நிமிர்ந்தால் பெருமாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவிழ்க்க முடியாவிட்டால் என்ன, வேண்டுதலை நடத்திவைத்துவிட்டால் போகிறது. பெருமாள் செய்ய வேண்டியதைத் தானே செய்துவிடுவதென்று அவர் முடிவு கட்டினார்.

"முதல் முடிச்சு என்னத்துக்கு?"

"தேசிகன் அண்ணா இந்த ஆத்துக்கு வரணும்னு."

தேசிகன் சுப்புலக்ஷ்மியின் அண்ணா. ஆறு வருஷமாக இந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. ஸ்ரீவித்யா கல்யாணத்தில் மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்குவது தாய்மாமன் பாத்தியதை. தேசிகன் பஞ்சகச்சத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராக வந்து நின்றபோது, "வேண்டாம், உங்க இடுப்பு தாங்காது," என்று நூறு பேர் முன்னால் ஆராவமுதன் சொல்லிவிட்டார். வேறொருத்தர் தூக்கினார். தேசிகன் சாப்பிடாமலே போய்விட்டார்.

அன்று மத்தியானமே ஆராவமுதன் ராஜாஜி நகருக்குப் பஸ் பிடித்தார்.

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்கணும். ஆத்துக்கு ஒரு வேளை சாப்பிட வரணும்," என்றார்.

தேசிகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்ளே, என் இடுப்பு அன்னிக்கும் நன்னா இருந்தது, இன்னிக்கும் நன்னா இருக்கு."

"தெரியறது."

"எப்படித் தெரியும்? நீங்க எங்க பாத்தேள்?" என்று சொல்லிவிட்டு, மூலையில் இருந்த அரிசி டின்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அதை இறக்கிவைத்த பிறகுதான் காப்பி கொடுக்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை தேசிகன் வந்தார். கையில் பெட்டி இருந்தது. சுப்புலக்ஷ்மி அழுதாள். அண்ணா ஒரு வாய் சாதம் சாப்பிட்டதும் போய் முதல் முடிச்சை அவிழ்த்தாள். ஆராவமுதன் பின்னாலேயே நின்றார்.

நாலணா. 1982.

"போனா போறது, இன்னும் ரெண்டு இருக்கே," என்றாள் சுப்புலக்ஷ்மி. அவள் அன்று அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆராவமுதன் தேசிகனின் பெட்டியைப் பார்த்தார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வருகிறவர் கொண்டுவருகிற பெட்டியாக அது இல்லை.

தேசிகன் தங்கிவிட்டார். தினமும் காலையில் எதையாவது தூக்கிக் காட்டினார். புதன்கிழமை கேஸ் சிலிண்டர். வியாழக்கிழமை டி.வி. வெள்ளிக்கிழமை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஆராவமுதனையே தூக்கினார்.

"இறக்கி விடுங்கோ, மூச்சு முட்டறது."

"எனக்கு முட்டலையே மாப்ளே."

வீட்டில் தேசிகனுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டு பிரிஜெட்டின் சேவல் காலை நாலு மணிக்குக் கூவியது. "இந்தச் சேவலோட மனுஷன் எப்படித் தூங்கறது? இன்னும் ரெண்டு நாள் பாப்பேன், ராஜாஜி நகருக்கே போயிடுவேன்," என்றார் தேசிகன்.

ஆராவமுதன் முதல் தடவையாக அந்தச் சேவலின் மேல் அன்பு கொண்டார். அந்த அன்பு பத்து நிமிஷம் நீடித்தது. பத்தாவது நிமிஷம் அவர் இரண்டாவது முடிச்சு எதற்கு என்று மனைவியைக் கேட்டார்.

"அந்தச் சேவல் விடிகாலையில கூவறது நிக்கணும்னு," என்றாள் சுப்புலக்ஷ்மி.

அவர் மேசை முன்னால் வெகு நேரம் உட்கார்ந்து யோசித்தார். சேவல் கூவினால் மச்சினர் போவார், ஆனால் முடிச்சு அவிழாது. கூவாவிட்டால் முடிச்சு அவிழும், மச்சினர் போகமாட்டார். இருபத்திரண்டு வருஷம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார்.

பிரிஜெட் நர்ஸ் வேலை பார்க்கிறவள். அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்திருந்தாள்.

"சேவலா? விலைக்கா? நீங்களா அங்கிள்?"

"எனக்குத்தான்."

"எத்தினியோ பேர் கேட்டாங்க, குடுக்கல. குடுத்தா சண்டே கொழம்பு வச்சிடுவாங்கன்னு பயம். முட்டையிலருந்து நான் வளத்தது. உங்களுக்குன்னா தாராளமா குடுப்பேன். நீங்கதான் சாப்பிட மாட்டீங்களே. ஆனா ஒண்ணு அங்கிள், வேற யாருக்கும் குடுக்கக்கூடாது. உங்க வீட்லயே இருக்கணும். நான் டெய்லி வந்து பாப்பேன்."

பாஞ்சாலியிடம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் ஆராவமுதன் வந்திருந்தார். இப்போது தலையை ஆட்டுவதைத் தவிர வழி தெரியவில்லை. சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோளில் பூணூலோடும் நெற்றியில் திருமண்ணோடும் அவர் தெருவில் நடந்து வந்ததை எதிர் வீட்டு மொட்டைமாடியில் நின்ற மூன்று பேர் பார்த்தார்கள். ஒருத்தர் கும்பிட்டார்.

"ஏன்னா, நிக்கணும்னு நேந்துண்டேன். நீங்க ஆத்துக்கே கொண்டுவந்து கட்டறேள்," என்றாள் சுப்புலக்ஷ்மி.

மறுநாள் நாலு மணிக்குச் சேவல் அவர்கள் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று கூவியது. தேசிகன் பெட்டியை எடுத்தார். ஆராவமுதன் மனம் ஒரு நிமிஷம் தடுமாறியது. முடிச்சா, மச்சினரா?

பாஞ்சாலிதான் வழி சொன்னாள். "மூங்கில் கூடைய கவுத்து, மேல கறுப்புக் கம்பளி போட்டு மூடுங்க சார். இருட்டா இருந்தா ராத்திரின்னு நெனச்சிக்கினு பேசாம இருக்கும்."

அவளே கூடையும் கொண்டுவந்து கொடுத்தாள். சேவல் அடங்கியது. ஒரு வாரம் விடிகாலையில் சத்தமே இல்லை. தேசிகன் பெட்டியிலிருந்த வேட்டிகளை எடுத்து பீரோவில் அடுக்கினார். சுப்புலக்ஷ்மி இரண்டாவது முடிச்சை அவிழ்த்தாள்.

நாலணா. 1979.

ஆராவமுதன் நாற்காலியில் சாய்ந்தார். வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. மிச்சம் ஒரே முடிச்சு. காசு அதற்குள்தான் இருந்தாக வேண்டும். அதற்காக யானை வளர்க்க வேண்டுமென்றாலும் வளர்த்துவிடலாம்.

"மூணாவது என்னது?"

"அதச் சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"அது எனக்கும் பெருமாளுக்கும்."

"என் காசு உள்ள இருக்கு. நானும் ஒரு பார்ட்டிதான்."

சுப்புலக்ஷ்மி புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். "சொன்னா கோபிச்சுக்கப்படாது. உங்க காசுப் பைத்தியம் தெளியணும்னு நேந்துண்டேன்."

பின்புறம் சேவல் கூடைக்குள் லேசாகக் கொக்கரித்தது. ஆராவமுதன் மேசைக்குப் போய் ஒரு காகிதத்தை எடுத்தார். ஆபீசில் சிக்கலான கோப்பு வந்தால் இப்படித்தான் எழுதிப் பார்ப்பார். காசு வேண்டுமென்றால் முடிச்சு அவிழ வேண்டும். முடிச்சு அவிழ வேண்டுமென்றால் காசு வேண்டாமென்று இருக்க வேண்டும். வேண்டாமென்று இருப்பவனுக்கு எதற்குக் காசு? நாலு தடவை எழுதினார். நாலு தடவையும் காகிதத்தின் அடியில் ஒரு கேள்விக்குறிதான் மிஞ்சியது.

"என்ன பைத்தியம்? எனக்கு என்ன பைத்தியம்?" என்று எழுந்து வந்து கேட்டார்.

"வித்யா கல்யாணத்துல ஆரத்தித் தட்டுல விழுந்த சில்லறையத் திருப்பித் திருப்பி வருஷம் பாத்தேளே. சம்பந்தி மாமி என்கிட்ட, உங்காத்துக்காரர் எதைத் தேடறார்னு கேட்டா. அதக்கூட விட்டுடறேன். ஏழு வருஷம் இந்த ஆத்துல உழைச்ச பொண்ண ஒரு காசுக்காகத் திருடின்னு சொல்லிட்டேளே. அன்னிக்குத்தான் எனக்குத் தாங்கல."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. முற்றத்தில் பாஞ்சாலி சேவலுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. ஆராவமுதன் நிஜமாகவே வெட்கப்பட்டார். வெட்கம் ஒரு பக்கம், 1949 ஒரு பக்கம்.

மறுநாள் காலை அல்சூர் ஏரிக்கரையில் ரங்காவைப் பிடித்தார். ரங்கா மல்லேஸ்வரத்துக்காரர், வங்கியில் இருந்து ரிடையரானவர், நாணயச் சங்கத்தில் ஆராவமுதனுக்கு அடுத்த நாற்காலி. இருவரும் இருபது வருஷ சிநேகிதர்கள். ஒருத்தர் ஆல்பத்தை மற்றவர் பார்க்கும்போது மட்டும் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள்.

"ரங்கா, நான் காசு சேக்கறத விட்டுட்டேன்னு என் ஆத்துக்காரி நம்பணும். என் ஆல்பத்த உனக்குத் தானமா குடுக்கற மாதிரிக் குடுக்கறேன். அவ முடிச்ச அவுப்பா. ஒரே நாள். மறுநாள் திருப்பிக் குடுத்துடு."

"அஷ்டேனா? இவ்வளவுதானா? ஆயித்து, ஆயித்து. சிநேகிதனுக்கு இதுகூடச் செய்யமாட்டேனா?" என்றார் ரங்கா. அவர் இத்தனை சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரங்கா ஆட்டோவில் வந்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ஆராவமுதன் அலமாரியைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஆல்பத்தை அப்படியே எடுத்து மனைவி முன்னால் நீட்டினார். "எனக்குத் தெளிஞ்சுடுத்து சுப்பு. பதினெட்டையும் ரங்காவுக்கே குடுத்துடறேன்."

சுப்புலக்ஷ்மி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பூஜை அலமாரிக்குப் போய் தீர்த்தப் பாத்திரத்தை எடுத்துவந்தாள்.

"ரங்கா, பெருமாள் தீர்த்தம் வாங்கிக்கோங்கோ. இவரே வந்து அழுதாலும் திருப்பித் தரமாட்டேன்னு சொல்லிட்டு வாங்கிக்கோங்கோ."

ரங்கா ஆராவமுதனைப் பார்த்தார். ஆராவமுதன் புருவத்தைத் தூக்கினார், கண்ணை உருட்டினார், தொண்டையைக் கனைத்தார். ரங்கா அதையெல்லாம் நன்றாகப் பார்த்துவிட்டு, ஆல்பத்தைப் பார்த்தார். பிறகு வலது கையைக் குழித்து நீட்டினார்.

"சத்யமா தரமாட்டேன் மாமி. அவன் அழுதாலும் தரமாட்டேன்."

தெளிந்தவன் ஆட்சேபம் செய்யமாட்டான்.

"கடைசியா ஒரு தரம் திறந்து பாத்துக்கறியாப்பா?" என்று ரங்கா கேட்டார்.

சுப்புலக்ஷ்மி கண் கொட்டாமல் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு? எனக்கு அதுல ஆசையே இல்லை," என்றார் ஆராவமுதன்.

தேசிகன் ஆல்பத்தோடு ரங்காவையும் சேர்த்துத் தூக்கி ஆட்டோவில் வைக்கிறேன் என்றார். வேண்டாம் என்று ஆராவமுதனே வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பத்தடி தூரத்துக்குள் அவர் மூளை பழையபடி வேலை செய்யத் தொடங்கியது. ரங்காவிடம் இருப்பது பதினெட்டு. பத்தொன்பதாவது முடிச்சுக்குள் இருக்கிறது. அது இல்லாமல் அந்த ஆல்பத்தைக் கண்காட்சியில் வைத்தால் ரங்காவைப் பார்த்து ஊரே சிரிக்கும். 1949 வேண்டுமென்றால் அவன்தான் இந்த வாசலுக்கு வந்தாக வேண்டும். அழுதால் திருப்பிக் கொடுப்பதில்லை என்றுதானே சத்தியம்? மாற்றிக்கொள்வதற்கு எந்தப் பெருமாளும் தடை சொல்லவில்லை. அழப்போவது யார் என்று பார்க்கலாம்.

ஆட்டோ தெருமுனை திரும்பியது. ஆராவமுதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அவுரு சுப்பு."

சுப்புலக்ஷ்மி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனையும் விட்டுட்டேளே. என் வாழ்நாள்ல பாப்பேன்னு நெனைக்கல. நீங்களே உங்க கையால அவுருங்கோ."

அவர் மூன்றாவது முடிச்சை ஆணியிலிருந்து எடுத்தார். முதல் மடிப்பு, இரண்டாவது மடிப்பு. விரலில் மஞ்சள் ஒட்டியது. கடைசி மடிப்பைப் பிரித்து, வேட்டி நுனியால் காசைத் துடைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார்.

நாலணா. 1976.

"அமெரிக்காக் காசுல இந்தி எழுதியிருக்குமா மாப்ளே?" என்று தேசிகன் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

ஆராவமுதன் மற்ற இரண்டு மஞ்சள் துணிகளையும் உதறினார். கிண்ணத்தைக் கவிழ்த்தார். அவருக்கு எதுவும் புரியவில்லை. மூன்று முடிச்சில் மூன்று நாலணா என்றால், தரையில் கிடந்தது எது, மேசையில் இருந்தது எங்கே? ஆல்பமும் போய், காசும் போய், மச்சினரும் சேவலும்தான் வீட்டில் இருந்தார்கள்.

சுப்புலக்ஷ்மிக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தான் போட்ட தடையைத் தானே மீறி, முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டாள். "பாஞ்சாலி, தப்பா நெனச்சுக்காத. மூணு வாரத்துக்கு முந்தி சனிக்கிழமை மாமா மேசை மேல வெள்ளையா சின்னதா ஒரு காசு இருந்துது. பாத்தியா?"

பாஞ்சாலி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பாத்தேனேம்மா. தரையில கெடந்தது வெறும் நாலணா, அதத்தான் சாமி கிண்ணத்துல போட்டேன். மேசை மேல இருந்த வெள்ளக்காசு சாரோட புஸ்தகத்துதுதானே, ஒரே ஒரு பை காலியா இருந்திச்சி, அன்னிக்கே அதுல செருகி ரப்பர் போட்டு மூடி வச்சிட்டேன்."